ஊகத்தின் பொறுப்பு யாருக்கு? ஆங்கில ஊக வினைகள் பற்றி ஓர் ஆய்வு

2013-இல் உலக சுகாதார நிறுவனம் காசநோய்ப் பதிவேடுகளுக்கான வரையறைகளைத் திருத்தியது. அதுவரை 'டிபி சஸ்பெக்ட்' என்று எழுதப்பட்டுவந்த இடத்தில் இனி 'பிரிஸம்ப்டிவ் டிபி' என்று எழுதச் சொன்னது. நாள்பட்ட இருமலோடு வருகிற ஒருவர், சளிப் பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை எந்தப் பெயரில் பதிவேட்டில் இருக்கிறார் என்பதுதான் விஷயம். மருத்துவத்தில் எதுவும் மாறவில்லை. அதே அறிகுறி, அதே பரிசோதனை, அதே அளவு நிச்சயமின்மை. மாறியது ஒரு வினைச்சொல்லின் வழிவந்த பெயர் மட்டும். 'சஸ்பெக்ட்' என்றால் காவல் நிலையம் நினைவுக்கு வருகிறது. இலங்கைத் தமிழ் நாளேடுகளில் 'சந்தேகநபர்' என்று அன்றாடம் அச்சாகிறதே, அந்த ஆள். நோயாளி எதையோ மறைக்கிறார், நாம் கண்டுபிடிக்க வேண்டும் என்ற தொனி அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'பிரிஸ்யூம்' என்ற வினையில் அந்தக் குற்றச்சாட்டு கிடையாது. முடிவு வரும்வரை இவரை நோயாளியாகக் கருதிக் கவனிக்க வேண்டிய பொறுப்பு மருத்துவமனைக்கு என்கிறது அது. அதே திருத்தத்தில், சிகிச்சையைப் பாதியில் விட்டவருக்கு வைத்திருந்த 'டிஃபால்டர்' என்ற பெயரும் போய், தொடர்பு விட்டுப்போனவர் என்ற பொருளுடைய தொடர் வந்தது.

ஆங்கிலத்தில் ஊகத்தைச் சொல்லும் வினைகள் ஒரு பெரிய குடும்பம். 'அஸ்யூம்', 'பிரிஸ்யூம்', 'சப்போஸ்', 'கெஸ்', 'ரெக்கன்', 'சர்மைஸ்', 'கன்ஜெக்சர்', 'இன்ஃபர்', 'கேதர்', 'சஸ்பெக்ட்', 'டீம்', 'பாஸ்டுலேட்', 'பிரிசப்போஸ்' என்று நீளும். நம் வகுப்பறைகளில் இவற்றை ஓர் ஏணியாகச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். நிச்சயம் குறைந்த 'கெஸ்' கீழ்ப்படி, அதற்கு மேல் 'சப்போஸ்', பிறகு 'அஸ்யூம்', 'பிரிஸ்யூம்', உச்சியில் 'இன்ஃபர்'. போட்டித் தேர்வுக் கையேடுகள் பலவற்றில் இன்னும் மோசம்: எல்லாவற்றையும் ஒரே பொருட்சொற்கள் என்று ஒரு வரியில் அடைத்துவிடுகிறார்கள். இந்த ஏணியில் எனக்கு நம்பிக்கை இல்லை. காசநோய்ப் பதிவேட்டில் நிச்சயத்தின் அளவு ஒரு துளியும் மாறாமல் வினை மாறியிருக்கிறது. ஏணி இதை விளக்காது. இந்த வினைகளைப் பிரிப்பவை வேறு இரண்டு கேள்விகள் என்பது என் கருத்து. ஊகத்துக்கான ஆதாரம் எங்கிருந்து வந்தது? ஊகம் பொய்த்தால் அது யார் தலையில் விடியும்? இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு குடும்பத்தைச் சுற்றிவந்தால் குழப்பம் பெரும்பாலும் தெளிகிறது.

வேர்களை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. 'அஸ்யூம்' லத்தீனில் எடுத்துக்கொள்வது. 'பிரிஸ்யூம்' முன்கூட்டியே எடுத்துக்கொள்வது. 'சப்போஸ்' அடியில் வைப்பது. கிரேக்கத்திலிருந்து வந்த 'ஹைபாதிசிஸ்' என்பதற்கும் அடியில் வைத்தது என்றே பொருள். 'கன்ஜெக்சர்' பலவற்றைச் சேர்த்து எறிவது. 'சர்மைஸ்' பழைய பிரெஞ்சில் ஒருவர்மேல் சுமத்துவது. ஆங்கிலத்துக்கு அது வழக்குமன்றக் குற்றச்சாட்டு என்ற பொருளில்தான் வந்து சேர்ந்தது. 'கெஸ்', 'ரெக்கன்' இரண்டும் ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்தவை. இரண்டாவது கணக்கிடுவது. வேர்கள் இன்றைய பயன்பாட்டை முடிவுசெய்வதில்லை. ஆனால் எடுப்பது, வைப்பது, எறிவது, சுமத்துவது என எல்லாமே கையால் செய்யும் வேலைகளாக இருப்பது கவனிக்கத்தக்கது. ஊகம் மனத்தில் தானாக எழுவது மட்டுமன்று, நாம் செய்கிற ஒன்று என்ற உணர்வு இந்தச் சொற்களில் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. செய்தவருக்குப் பொறுப்பு உண்டு.

'அஸ்யூம்' என்ற வினைக்கு ஆதாரம் தேவையில்லை. இதுதான் அதன் தனித்தன்மை. கணித ஆசிரியர் இரண்டின் வர்க்கமூலத்தை விகிதமுறு எண் எனக் கொள்வோம் என்று தொடங்குகிறாரே, அவர் அதை நம்புகிறாரா? நம்பவில்லை. அது பொய் என்று நிறுவவே அதை எடுத்துக்கொள்கிறார். தான் பொய்யென்று அறிந்த ஒன்றைக்கூட ஒருவர் 'அஸ்யூம்' செய்யலாம். 'பிரிஸ்யூம்' அந்த இடத்தில் வராது. 1926-இல் தம் ஆங்கில வழக்கு அகராதியில் ஃபவுலர் சுட்டிக்காட்டிய வேறுபாடு இதுவே. 'பிரிஸ்யூம்' செய்பவர் அதை உண்மையாக நம்புகிறார், மறுக்கப்படும்வரை. 'அஸ்யூம்' செய்பவர் வேலை நடப்பதற்காக அதை வைத்துக்கொள்கிறார், பல சமயம் அதை ஒப்புக்கொண்டே. ஏறக்குறைய நூறாண்டு ஆகிறது, இதைவிடத் தெளிவாக யாரும் பிரித்துக்காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. ஏணிக்காரர்கள் இதைப் படித்திருந்தால் இரண்டையும் அடுத்தடுத்த படிகளில் வைத்திருக்க மாட்டார்கள். இரண்டும் வேறு வேறு வேலைகள்.

ஆனால் கணிதத்தில் 'அஸ்யூம்' வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது. வாழ்க்கையில் அப்படிச் சொல்வதில்லை. சொல்லாமல் எடுத்துக்கொள்கிறோம். எடுத்துக்கொண்டோம் என்பதே தவறு நடந்த பிறகுதான் தெரியவருகிறது. அதனால்தான் இந்த வினை ஆங்கிலத்தில் இறந்தகாலத்தில் வரும்போது கிட்டத்தட்ட ஓர் ஒப்புதல் வாக்குமூலமாக ஒலிக்கிறது. விபத்து விசாரணை அறிக்கைகளைப் படிப்பவர்களுக்கு இது பழக்கமானது.

1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஓடுபாதையில் கடும் மூடுபனி. கேஎல்எம் நிறுவனத்தின் போயிங் 747 ஓடுபாதையின் ஒரு முனையில் புறப்படக் காத்திருந்தது. பான் ஆம் நிறுவனத்தின் இன்னொரு 747 அதே ஓடுபாதையில் எதிர்த்திசையில் ஊர்ந்துவந்துகொண்டிருந்தது. கட்டுப்பாட்டாளர் கேஎல்எம் விமானிக்குத் தந்தது, மேலே எழுந்த பிறகு செல்ல வேண்டிய தடத்துக்கான அனுமதி. அந்த வாக்கியத்தில் 'டேக் ஆஃப்' என்ற சொல் இருந்தது. விமானிகள் அதைப் புறப்படுவதற்கான அனுமதியாக எடுத்துக்கொண்டார்கள். துணை விமானி தாங்கள் 'டேக் ஆஃப்' நிலையில் இருப்பதாகத் தெரிவித்தார். கட்டுப்பாட்டாளர் அதை, புறப்படும் இடத்தில் நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு சரி என்றார். நான் அழைக்கும்வரை காத்திருங்கள் என்று அவர் தொடர்ந்து சொன்னது, அதே நொடியில் பான் ஆம் விமானி பேசியதால் இரைச்சலில் சிக்கிக்கொண்டது. அந்த விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று கேஎல்எம் விமானப் பொறியாளர் ஐயம் எழுப்பினார். விலகிவிட்டது என்று உறுதியான பதில் வந்தது. 583 பேர் இறந்தார்கள். இதில் எவரும் பொய் சொல்லவில்லை. இரு தரப்பும் 'அஸ்யூம்' செய்தன, இரண்டும் ஒரே சொல்லின்மேல் நின்றன. அதன் பிறகு வானொலி உரையாடலில் 'டேக் ஆஃப்' என்ற சொல்லைப் புறப்பாட்டு அனுமதி தரும்போதும் ரத்து செய்யும்போதும் மட்டுமே சொல்ல வேண்டும், மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்' என்றே சொல்ல வேண்டும் என்று நடைமுறை மாறியது. அனுமதி வாசகத்தைக் கேட்டவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதும் வலுப்பெற்றது. எடுத்துக்கொண்டது என்ன என்பதை வாய்விட்டுச் சொல்லவைப்பதுதான் இந்த வினைக்கு மருந்து.

'அஸ்யூம்' என்ற சொல்லின் பிற பொருள்களையும் இங்கேயே சொல்லிவிடலாம். பதவி ஏற்பதற்கும், வேறு பெயர் பூணுவதற்கும், ஒரு பாவனையை மேற்கொள்வதற்கும் அதே வினை. ஆகஸ்ட் 15 அன்று கத்தோலிக்கர்கள் கொண்டாடும் அன்னை மரியாவின் விண்ணேற்பும் ஆங்கிலத்தில் 'அஸம்ப்ஷன்'தான். எடுத்துக்கொள்வது என்ற மூலப்பொருள் அங்கே ஊகத்தின் நிழலே படாமல் இருக்கிறது.

இனி 'பிரிஸ்யூம்'. இந்தக் குடும்பத்தில் மிகவும் செல்வாக்குள்ள வினை இது, ஏனென்றால் சட்டம் அதைத் தன் வீட்டுப் பிள்ளையாக வளர்த்திருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி என்று 'பிரிஸ்யூம்' செய்யப்படுகிறார். இந்த வாக்கியத்தை நம்பிக்கையின் அளவாகப் படித்தால் பொருளே கிடைக்காது. நீதிபதி அவர் நிரபராதி என்று நம்ப வேண்டும் என்றோ, அப்படி இருக்க வாய்ப்பு அதிகம் என்றோ சட்டம் சொல்லவில்லை. நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்புக்கு என்கிறது, அவ்வளவே. 1935-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த வுல்மிங்டன் வழக்கு இதற்கு மைல்கல். பிரிந்துசென்ற மனைவியைச் சுட்டுவிட்ட இளம் பண்ணைத் தொழிலாளி, துப்பாக்கி தற்செயலாக வெடித்தது என்றார். சுட்டது நிறுவப்பட்டுவிட்டதால் தற்செயல் என்பதை அவரே நிறுவ வேண்டும் என்று விசாரணை நீதிபதி நடுவர்குழுவிடம் சொன்னார். சபை அதை ஏற்கவில்லை. கொலை நோக்கம் இருந்தது என்பதை நிறுவ வேண்டியதும் அரசுத் தரப்பே என்றது. அந்தத் தொழிலாளி தூக்கிலிருந்து தப்பினார். 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 11-ஆம் பிரிவிலும் இதே வினை அமர்ந்திருக்கிறது.

நம் ஊரில் இந்த வினையின் மிகக் கூர்மையான வரையறை 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இருந்தது. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வடித்த சட்டம் அது. இலங்கையின் 1895-ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டமும் அதன் வழிவந்ததே. இந்தியச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு ஒரே வினையை மூன்றாகப் பிளந்தது. நீதிமன்றம் 'பிரிஸ்யூம்' செய்யலாம் என்றால், மறுக்கப்படாதவரை நிறுவப்பட்டதாகக் கொள்ளலாம் அல்லது ஆதாரம் கேட்கலாம், விருப்பம் நீதிமன்றத்துக்கு. செய்ய வேண்டும் என்றால், மறுக்கப்படும்வரை நிறுவப்பட்டதாகக் கொண்டே தீர வேண்டும். முடிவான சான்று என்றால் மறுக்க இடமே இல்லை. திருட்டுப் போன சற்றைக்கெல்லாம் அந்தப் பொருளை வைத்திருப்பவர் கணக்குக் காட்ட முடியாவிட்டால், அவர் திருடர் அல்லது தெரிந்தே வாங்கியவர் என்று நீதிமன்றம் கொள்ளலாம் என்பது முதல் வகைக்கு அந்தச் சட்டமே தந்த எடுத்துக்காட்டு. செக் மோசடி வழக்கில் மாட்டிய எவருக்கும் இரண்டாம் வகை தெரிந்திருக்கும். 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் 139-ஆம் பிரிவுப்படி, கடனைத் தீர்க்கவே செக் தரப்பட்டது என்று நீதிமன்றம் கொண்டாக வேண்டும். இல்லை என்று காட்ட வேண்டியது செக்கில் கையெழுத்திட்டவர்.

மூன்றாம் வகைக்குச் சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு. செல்லத்தக்க திருமணம் நீடிக்கையில், அல்லது அது முறிந்து 280 நாட்களுக்குள் தாய் மறுமணம் செய்யாதிருக்கையில் பிறந்த குழந்தை, அந்தக் கணவனின் குழந்தையே. கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் கணவன் மனைவி இருவரும் சேர்ந்திருக்க வழியே இல்லை என்று காட்டினால் மட்டுமே விலக்கு. மரபணுச் சோதனை என்று ஒன்று வரும் என்பது கனவிலும் இல்லாத காலத்தில் எழுதிய விதி. 2014-இல் நந்த்லால் வாசுதேவ் பட்வாயிக் வழக்கில் சோதனை முடிவும் இந்த விதியும் நேருக்கு நேர் மோதின. நிறுவப்பட்ட அறிவியல் உண்மை இருக்கும்போது ஊகம் வழிவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை ஒட்டி எழுந்த விவாதம், குழந்தையின் நலனா உண்மையா என்று இன்னும் தொடர்கிறது. அந்த விதியை எழுதியவர்கள் உண்மையைக் கண்டுபிடிக்க எழுதவில்லை, குழந்தையின் தலையில் களங்கம் விழாமல் காக்கவே எழுதினார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. 2023-இல் இயற்றப்பட்டு 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியமும் இந்த மூன்று வகைப் பிரிவை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறது.

அரச குடும்பத்து வழக்கில் இதே வினைக்கு அழகான பயன்பாடு ஒன்று உண்டு. மாற்றவே முடியாத வாரிசு 'ஏர் அப்பாரன்ட்'. இன்னொருவர் பிறந்தால் இடம் இழக்கக்கூடியவர் 'ஏர் பிரிஸம்ப்டிவ்'. 1936 டிசம்பர் முதல் 1952-இல் அரியணை ஏறும்வரை இரண்டாம் எலிசபெத் இந்த இரண்டாம் வகைதான். பெற்றோருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்திருந்தால் அரியணை அவருக்குப் போயிருக்கும். அது நடக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பதினைந்து ஆண்டுகள் அவருடைய உரிமை மறுக்கப்படும்வரை செல்லும் உரிமையாகவே இருந்தது.

இந்த வினைக்கு இன்னொரு முகம் உண்டு. தனக்கு இல்லாத உரிமையை முன்கூட்டியே எடுத்துக்கொள்வது. உங்களுக்கு அறிவுரை சொல்ல 'பிரிஸ்யூம்' செய்கிறேன் என்றால், அதிகப்பிரசங்கித்தனத்துக்கு முதலிலேயே மன்னிப்பு வேண்டிக்கொள்கிறேன் என்று பொருள். 'பிரிஸம்ச்சுவஸ்' என்ற பெயரடை முழுக்க இந்தப் பக்கம் சாய்ந்தது. கிறிஸ்தவ இறையியலில் கடவுளின் கருணையைத் தனக்கு உரிமையானதாக எடுத்துக்கொள்வது ஒரு பாவமாகவே எண்ணப்படுகிறது. 1871-இல் டாங்கனிக்கா ஏரிக்கரையில் உஜிஜி என்ற ஊரில் லிவிங்ஸ்டனைச் சந்தித்த பத்திரிகையாளர் ஸ்டான்லி, நீங்கள்தானே லிவிங்ஸ்டன் என்ற பொருளில் இந்த வினையைச் சொன்னதாக எழுதிவைத்தார். அந்த நாளைக் குறித்த பக்கங்கள் அவருடைய நாட்குறிப்பிலிருந்து கிழிக்கப்பட்டிருப்பதால், வாக்கியம் பின்னால் புனையப்பட்டது என்று 2007-இல் வாழ்க்கை வரலாறு எழுதிய டிம் ஜீல் வாதிட்டார். சொன்னாரோ இல்லையோ, வினையின் தேர்வு துல்லியமானது. முன்பின் அறியாத பெரியவரிடம் பேச்சைத் தொடங்கும் ஒருவர், இல்லையென்றால் நீங்களே திருத்தலாம் என்று அடுத்தவர் கையில் விட்டுவிடும் மரியாதை அதில் இருக்கிறது.

இதன் பக்கத்து வீட்டில் இருப்பது 'டீம்'. மறுக்க முடியாத ஊகம், பொய்யென்று எல்லோருக்கும் தெரிந்தும் உண்மையாக நடத்தப்படும் ஊகம். தமிழ்நாட்டில் இதற்கு விளக்கமே வேண்டாம். 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்கீழ் வரும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அந்த வினையில் பிறந்தவை. நிகர்நிலை என்று அதைத் தமிழாக்கியவர் யாரோ, பொருளின் நாடியைப் பிடித்திருக்கிறார். 2015 டிசம்பர் 1 முதல் வேல்ஸில், மறுப்பு எழுதிவைக்காத வயதுவந்தோர் பொதுவாக உறுப்புதானத்துக்கு இசைந்தவர்களாகக் கொள்ளப்படுகிறார்கள். பேச்சு வழக்கில் அதை 'பிரிஸ்யூம்டு' இசைவு என்கிறார்கள். சட்டத்தின் வாசகம் 'டீம்டு'.

'சப்போஸ்' சட்டத்தை விட்டு வெளியே வந்து வீட்டுக்குள் புழங்கும் வினை. அதன் ஆட்டம் இலக்கணத்தில் இருக்கிறது. அவர் வருவார் என்று நான் 'சப்போஸ்' செய்யவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னால், அவர் வரமாட்டார் என்று ஊகிக்கிறேன் என்றுதான் பொருள். எதிர்மறை மேல் வாக்கியத்தில் நின்றாலும் வேலை செய்வது கீழே. 'அஸ்யூம்', 'பிரிஸ்யூம்' இரண்டிலும் இது நடக்காது. அவர் வருவார் என்று நான் 'அஸ்யூம்' செய்யவில்லை என்றால், வருவாரோ மாட்டாரோ, நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதே பொருள். மொழியியலார் இந்த எதிர்மறை நகர்வைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். தமிழிலும் இதே கோடு இருப்பதைக் கவனியுங்கள். 'அவர் வருவார்னு நான் நினைக்கலை' என்றால் வரமாட்டார் என்று கேட்கிறது. 'வருவார்னு நான் எடுத்துக்கலை' என்றால் அப்படிக் கேட்பதில்லை. இரு மொழியிலும் நம்பிக்கையைச் சொல்லும் வினை எதிர்மறையைக் கீழே விடுகிறது, ஒரு செயலைச் சொல்லும் வினை தானே வைத்துக்கொள்கிறது. 'அஸ்யூம்' ஒரு செயல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

1952-இல் 'மைண்ட்' இதழில் ஜே. ஓ. உர்ம்சன் எழுதிய கட்டுரை இந்த வினைகளைப் பார்க்கும் விதத்தையே மாற்றியது. வாக்கியத்தின் நடுவிலோ கடைசியிலோ 'ஐ சப்போஸ்' என்று செருகும்போது, பேசுபவர் தன் மனத்தில் நடப்பதை வருணிக்கவில்லை, சொன்ன செய்தியை எவ்வளவு பொறுப்போடு ஏற்க வேண்டும் என்று கேட்பவருக்குச் சமிக்ஞை தருகிறார் என்றார் அவர். அதனால்தான் 'ஐ சப்போஸ் ஸோ' என்ற பதிலில் ஊகமே இல்லை. மனமில்லாத சம்மதம் மட்டும் இருக்கிறது. 'சப்போஸ்டு டு' என்று வந்தால் ஊகம் முற்றிலும் மறைந்து கடமை வந்துவிடுகிறது. ஒன்பது மணிக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. 'சப்போஸட்லி' என்றால் மற்றவர்கள் அப்படிச் சொல்கிறார்கள், எனக்கு நம்பிக்கை இல்லை என்று விலகல். ஆனால் 'பிரிஸ்யூமப்லி' அப்படி விலகுவதில்லை. ஒரே ஏணியின் இரு படிகளாக இருந்தால் இவற்றின் வினையடைகள் இப்படி எதிரெதிர்த் திசையில் போயிருக்காது.

'கெஸ்', 'ரெக்கன்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்னது அமெரிக்கப் பேச்சின் அடையாளம். 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் எழுத்தாளர்கள் அதை அமெரிக்கக் கொச்சை என்று இகழ்ந்தார்கள். 1400-இல் மறைந்த சாசர் அதே பொருளில் அதைத் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கிறார் என்பதால் அந்த இகழ்ச்சிக்கு அடிப்படை இல்லை. பின்னது அமெரிக்கத் தெற்கிலும் இங்கிலாந்து, ஆஸ்திரேலியப் பேச்சிலும் உயிரோடிருக்கிறது. கணக்குப் போடும் பழைய பொருளை அது இன்னும் முற்றிலும் இழக்கவில்லை.

கணிதத்துக்குத் திரும்பினால் 'கன்ஜெக்சர்', 'ஹைபாதிசிஸ்' என்ற இரண்டும் பொறுப்பை எப்படிப் பங்கிடுகின்றன என்று தெரிகிறது. ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், 1916-இல் வெளியிட்ட கட்டுரையில் இன்று டவ் சார்பு என்று வழங்கும் ஒன்றின் அளவுக்கு ஓர் எல்லையை ஊகித்தார். அது ராமானுஜன் 'கன்ஜெக்சர்' ஆயிற்று. சில மதிப்புகளைக் கணக்கிட்டுப் பார்த்து, உருவம் தெரிந்து, நிறுவ முடியாமல் முன்வைத்தது. 1974-இல் பியர் டெலீன் அதை நிறுவினார். மாறாக 1859-இல் ரீமன் முன்வைத்தது ஏன் 'ஹைபாதிசிஸ்'? அதுவும் நிறுவப்படாத ஊகம்தானே? அதை அடியில் வைத்து நூற்றுக்கணக்கான தேற்றங்களை மேலே கட்டியிருக்கிறார்கள். அது விழுந்தால் அவையும் விழும். பெயர் வந்த கதையில் வழக்கத்தின் பங்கும் உண்டு, இரண்டுக்கும் இடையே கறாரான சுவர் இல்லை. ஆனாலும் பயன்பாட்டில் இந்த வேறுபாடு உண்மையானது. 'கன்ஜெக்சர்' மட்டும் செய்தால் பொய்த்தபோது அதைச் செய்தவருக்கு மட்டுமே நட்டம். 1919-இல் போல்யா செய்த ஊகம் அப்படிப் பொய்த்தது. 1958-இல் ஹேசல்குரோவ் அது தவறு என்று காட்டினார். அது முதலில் பொய்க்கும் எண் 90,61,50,257 என்பது 1980-இல் தெரிந்தது. தொண்ணூறு கோடிக்கும் மேலான எண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாட்சி சொல்லியும் ஊகம் ஊகமாகவே இருந்தது என்பதை மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

'இன்ஃபர்' ஆதாரத்திலிருந்து முடிவுக்குப் போவது. படித்தவரோ கேட்டவரோ செய்வது. சொன்னவர் செய்வது 'இம்ப்ளை'. இரண்டையும் மாற்றிப்போடுவது ஆங்கிலேயரிடையேயும் உண்டு. 'கேதர்' பிறர் சொல்லக் கேட்டு அறிந்தது. 'சர்மைஸ்' குறைந்த ஆதாரத்தில் எட்டிய முடிவு. 'பிரிசப்போஸ்' சற்று வேறானது. அதைச் செய்வது பெரும்பாலும் மனிதர் அல்லர், வாக்கியம். பிரான்சின் இன்றைய மன்னர் வழுக்கைத் தலையர் என்பதுபோன்ற வாக்கியத்தை வைத்து ரஸல் 1905-இலும் ஸ்ட்ராஸன் 1950-இலும் எழுதியவை மெய்யியல் மாணவர்கள் அனைவரும் படிப்பவை. மன்னரே இல்லாதபோது வாக்கியம் பொய்யா, அல்லது உண்மை பொய் என்ற பேச்சுக்கே இடமில்லையா? குறுக்கு விசாரணையில் 'பணத்தை எப்போது திருப்பித் தந்தீர்கள்?' என்று வக்கீல் கேட்கும்போது, பணம் வாங்கியது பேச்சில்லாமலே உள்ளே வந்துவிடுகிறது. இந்தச் சுமையை ஏற்றிவிட்டது யார் என்று சாட்சிக்கு உடனே தெரிவதில்லை.

தமிழர் ஆங்கிலத்தில் நிரந்தரமாக இடறும் இடம் 'சஸ்பெக்ட்', 'டவுட்' இணை. ஒருவர் திருடியிருப்பார் என்று 'சஸ்பெக்ட்' செய்தால், திருடியிருப்பார் என்ற பக்கம் சாய்கிறோம். 'டவுட்' செய்தால், திருடியிருக்க மாட்டார் என்ற பக்கம். தமிழில் இரண்டுக்கும் சந்தேகம் என்ற ஒரே சொல் இருப்பதால், அவர்மேல் சந்தேகம் என்பதை 'டவுட்' என்று எழுதி, சொல்ல நினைத்ததற்கு நேர் எதிரானதைச் சொல்லிவிடுகிறார்கள். வகுப்பில் கேள்வி கேட்பதை 'டவுட்' என்பது இந்திய ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது, அதில் கேடில்லை. ஆனால் ஒரு புகார் மனுவில் இந்தப் பிழை நேர்ந்தால் கேடு உண்டு.

இத்தனை வினைகளையும் தமிழுக்குக் கொண்டுவருவது எப்படி? பேச்சுத் தமிழ் இதை வினைகளால் அன்றி ஒட்டுகளாலும் இடைச்சொற்களாலும் செய்கிறது. நீங்கள் மேலாளர் என்று 'பிரிஸ்யூம்' செய்கிறேன் என்பதற்கு 'மேனேஜர் நீங்கதானே?' என்பது பொருத்தம். வேலையை விட்டுவிட்டதாக 'கேதர்' செய்கிறேன் என்பதற்கு 'வேலையை விட்டுட்டீங்களாமே?' களைத்திருப்பதாக 'சப்போஸ்' செய்கிறேன் என்பதற்கு 'களைப்பா இருக்கீங்க போல.' மொழிபெயர்ப்பில் இந்த இடங்களிலெல்லாம் 'நான் அனுமானிக்கிறேன்' என்று எழுதுவது தமிழின் காதைக் கெடுக்கிறது. பேசுபவர்களைக் கணக்காளர்கள்போல் ஆக்கிவிடுகிறது.

'அனுமானம்' என்ற சொல்லைப் பற்றி எனக்கு ஆதங்கம் உண்டு. இந்திய அளவை நூல்களில் அது திட்டவட்டமான ஒன்று. புகையைக் கண்டு நெருப்பை அறிவது, அதாவது 'இன்ஃபர்'. மணிமேகலை அளவைகளை வகுத்துச் சொல்கிறது. சிவஞான சித்தியார் காண்டல், கருதல், உரை என்று எண்ணும்போது கருதல் என்பது அனுமானமே. பகலில் உண்ணாதவன் பருத்திருக்கிறான், ஆகவே இரவில் உண்கிறான் என்று கொள்வதை அருத்தாபத்தி என்று தனியே வைத்தார்கள். ஆங்கிலத்தில் இந்திய மெய்யியலை எழுதுபவர்கள் அதற்கு 'பிரிஸம்ப்ஷன்' என்றும் 'பாஸ்டுலேஷன்' என்றும் பெயரிட்டிருக்கிறார்கள். இத்தனை நுட்பமாகப் பிரித்த மரபில் வந்த சொல், இன்று தேர்தல் கணிப்புக்கும், பங்குச்சந்தை ஊகத்துக்கும், சட்டத்தின் 'பிரிஸம்ப்ஷன்' என்பதற்கும், தணிக்கையாளரின் 'அஸம்ப்ஷன்' என்பதற்கும் ஒன்றுபோல் ஓடிக்கொண்டிருக்கிறது.

நமக்குச் சொற்பஞ்சம் இல்லை. 'அஸம்ப்ஷன்' என்பதற்கு எடுகோள் இருக்கிறது. இலங்கைப் பாடநூல்கள் அதைப் பழக்கத்தில் வைத்திருக்கின்றன. 'ஹைபாதிசிஸ்' என்பதற்குக் கருதுகோள் இருக்கிறது. 'கன்ஜெக்சர்' என்பதற்கு ஊகம் போதும். 'இன்ஃபரன்ஸ்' என்பதற்கு அனுமானத்தைத் திருப்பித் தந்துவிடலாம், வேண்டுமானால் உய்த்துணர்வு என்றும் எழுதலாம். சிக்கல் 'பிரிஸ்யூம்' ஒன்றில்தான். சட்டத் தமிழில் அதற்கு அனுமானம், ஊகம் இரண்டும் வழங்குகின்றன. குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி என்று ஊகிக்கப்படுகிறார் என்று எழுதினால், ஏதோ குத்துமதிப்பாக அப்படி நினைக்கிறார்கள் என்று படிப்பவருக்குப் படும். சுமை யாருக்கு என்பது காணாமல்போகிறது. ஒற்றைச் சொல் கிடைக்கும்வரை, மறுத்து நிறுவப்படும்வரை அவ்வாறே கொள்ளப்படும் என்று விரித்து எழுதுவதே நேர்மையானது. 2023-ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டம் தமிழில் பாடநூல்களாகவும் கையேடுகளாகவும் எழுதப்பட்டுவருகிறது. அவற்றை எழுதுகிறவர்கள் 'செய்யலாம்', 'செய்ய வேண்டும்', 'முடிவான சான்று' என்ற மூன்றையும் மூன்று வெவ்வேறு தமிழ்த் தொடர்களாகப் பிரித்தெழுத வேண்டும், எதற்கும் அனுமானம் என்ற சொல்லைத் தொடக்கூடாது என்பது என் வேண்டுகோள்.